இ என்றால் கொழுந்து

தேயிலைக்கு விலை விழுந்து, எஸ்டேட்டில் வாரத்தில் பாதி நாள்தான் வேலை என்றாகியிருந்த காலம். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய்ப் பட்டம் வாங்கியவன் நான். வாங்கிவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். எஸ்டேட் பள்ளிக்கூட டீச்சர் கூப்பிட்டு, சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். அதில் என்ன கஷ்டம் என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன்.

வந்தவர்களில் ஒருத்தி இரண்டாம் வகுப்பு. அவளுடைய அப்பா ஏற்கெனவே திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போயிருந்தார். முழுப்பரீட்சை லீவில் அம்மாவும் அவளும் போவதாக ஏற்பாடு. முதல் நாளே அந்த அம்மா என்னிடம் வந்து, "அங்க பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப வாசிக்கச் சொல்லிப் பாப்பாங்களாமுங்க தம்பி. வரலீன்னா மறுபடியும் ஒண்ணாப்புலயே உக்கார வெச்சுருவாங்களாம். புள்ள நொந்து போயிருமுங்க" என்றார்.

எனக்குக் கவலையே இல்லை. எழுத்தும் படமும் சொல்லும் போட்ட சுவர் அட்டையைப் பார்த்து அந்தப் பிள்ளைதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொல்வாள். பிறகு டீச்சர் ஊட்டியிலிருந்து புது அட்டை வாங்கிவந்தார். பழையதில் 'இ'க்கு இஞ்சி, புதியதில் இலை. பச்சைப் பசேலென்ற அந்தப் படத்தைப் பார்த்து அவள், "இ, கொழுந்து" என்றாள்.

"அப்படியே கூடையத் தூக்கிட்டு வேலைக்குப் போயிரு" என்று ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளுக்கு மட்டும் புரியவில்லை. "கொழுந்துதானுங்கண்ணா அது?" என்று கேட்டாள். வாஸ்தவம்தான். தேயிலைச் செடியில் கிள்ளுகிற பச்சைத் தளிரை எங்கள் பக்கம் யாரும் இலை என்று சொல்வதில்லை.

படத்தைக் கையால் மூடி, இப்போது வாசி என்றேன். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை நாளும் அவள் வாசித்தது படங்களை. எழுத்து எப்படிச் சொல்லாகிறது என்பதை எப்படிச் சொல்லித்தருவது? நான் எப்படிக் கற்றேன் என்பதே எனக்கு ஞாபகமில்லை.

மறுநாள் படமில்லாமல், கரும்பலகையில் இரண்டே எழுத்து எழுதினேன். 'மா' என்றாள். 'டு' என்றாள். பிறகு, அப்புறம் என்ன என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தாள். மூச்சை விடாமல், 'மா'வை இழுத்துக்கொண்டே போய் 'டு'வில் இறக்கச் சொன்னேன். இழுத்தாள். பல முறை இழுத்தாள். திடீரென்று நின்று, "அட, மாடுங்கண்ணா" என்றாள், ஏதோ அது பலகைக்குள் ஒளிந்திருந்த மாதிரி.

அதன்பின் மெல்ல மெல்ல வந்தது. கொம்பும் காலும் சேர்ந்த எழுத்துகளில் தடுமாறினாள். ஊகித்துச் சொன்னால், முதல் எழுத்துக்கே திரும்பிப் போகச் சொல்வேன். முணுமுணுத்துக்கொண்டே போவாள்.

இன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடுதான் என் பிழைப்பு. இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அவள் கொழுந்து என்று சொல்லாமல் இருந்திருந்தால், அட்டையைப் பார்த்துக் கத்தவைத்தே காலத்தை ஓட்டியிருப்பேன்.

திருப்பூர் போனபின் அந்த அம்மா போன் செய்தார். புதுப் பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்னபோது ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டாளாம். சார் எடுத்துக்கொடுக்க வந்தபோது வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, முதல் எழுத்திலிருந்து மறுபடி கூட்டி வாசித்தாளாம். மூன்றாம் வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

போனை அவள் வாங்கினாள். எதிரே பேக்கரி இருக்கிறது என்றாள். "தேங்... காய்... பன். தேங்காபன்னு போட்டிருக்குதுங்கண்ணா. வாங்கித்தரச் சொல்லி அம்மாகிட்டச் சொல்லுங்க."