வச்சலா வாங்கிக்கொண்ட அடி

கடலில் எல்லை தாண்டிப் பிடிபட்டு வெளிநாட்டுச் சிறைகளில் கிடக்கும் மீனவர்களுக்காகத் தூதரகங்களோடு மல்லுக்கட்டுவதுதான் வச்சலாவின் வேலை. செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ் பிடித்துக் கோவளம் வருவாள். ஐஸ் கம்பெனி மாடியில் ஒற்றை அறை அலுவலகம். கூட இருந்தவள் ஷபானா மட்டும். வளைகுடாவில் வளர்ந்தவள், அரபி படிப்பாள். பன்னிரண்டு வருடத்தில் பத்தொன்பது பேரை வச்சலா வீடு சேர்த்திருந்தாள்.

அடுத்து வரவேண்டியவன் செங்கல்வராயன். பதினான்கு மாதமாக உள்ளே இருந்தான். ஒரு வியாழக்கிழமை அரபியில் வந்த மெயிலை ஷபானா படித்தாள். சிறையில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டானாம்.

வச்சலா உடனே செருப்பை மாட்டினாள்.

"அக்கா, நாளைக்கு என் தங்கச்சி நிக்காஹ். இப்ப சொன்னா தெருவே எழவு வூடா பூடும். ரெண்டு நாள் கழிச்சி சொல்லுங்கக்கா."

"பொண்டாட்டிக்குத்தாண்டி மொதல்ல தெரியணும். அது அவ உரிமை."

ஷபானா அழுதாள். வச்சலா செருப்பைக் கழற்றினாள்.

மறுநாள் விருந்துக்குச் செங்கல்வராயனின் மனைவி அன்பரசியும் வந்தாள். ஷபானாவே அவளுக்குப் பரிமாறினாள்.

சனிக்கிழமை, அதே சிறையிலிருந்து விடுதலையாகி வந்த ஒருவன் அன்பரசிக்குப் போனில் சேதியைச் சொல்லிவிட்டான். அவள் மாடியேறி வந்தாள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கெழம" என்றாள் வச்சலா.

கன்னத்தில் விழுந்த அறையில் வச்சலாவின் மூக்குக்கண்ணாடி தெறித்தது. "நேத்து பூ வச்சிகினு பிரியாணி துன்னேன்டி, பாவி!"

கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்ற ஷபானா வாயைத் திறக்கவில்லை. வச்சலாவும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதன்பிறகு குப்பத்துக்குள் வச்சலாவை யாரும் விடவில்லை. கணவன்மார் இன்னும் சிறையில் இருந்த இரண்டு பெண்கள் தங்கள் மனுக்களைத் திரும்ப வாங்கிப் போனார்கள். அடி வாங்கிய எட்டாம் மாதம், வேலைக்கு வரும் வழியில், பஸ்ஸிலேயே வச்சலாவின் மூச்சு நின்றது. அவள் மீட்டுவந்த பத்தொன்பது பேரில் ஒருவன்கூடச் சுடுகாட்டுக்கு வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஷபானா மீன் மார்க்கெட்டுக்குப் போய் அன்பரசியிடம் நடந்ததைச் சொன்னாள். அன்பரசி செதில் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"அவ உசுரோட இருக்கசொல்லோ இன்னா பண்ணிகினு இருந்தே?"

அன்பரசி அடுத்த மீனை எடுத்தாள்.

"சொல்லிட்டே இல்ல, ஒனக்கு நெஞ்சு லேசாயிடுச்சி. கெளம்பு, யாவாரம் கெடுது."

அங்கிருந்து ஷபானா அந்த இரண்டு பெண்களின் வீடுகளுக்கும் போனாள். குடும்பத்தார் கையெழுத்து இல்லாமல் மனு நகராது. இருவருமே கதவைத் திறக்கவில்லை. அவர்களுடைய ஆண்கள் இன்னும் சிறைக்குள்ளேதான் இருக்கிறார்கள்.