ஐயம்பேட்டையில் இறங்க முடியாத கதை

நம் டீம் பவுலர்களை நம்பிப் பிளேஆஃப் கனவு காணக்கூடாது என்பது என் கட்சி.

இன்று மதியம் ஷேர் ஆட்டோவில் கமென்ட்ரி ஓடியது. ஜெயித்தால்தான் பிளேஆஃப். நான் ஏறியதும் ஒரு விக்கெட். சற்று தூரத்தில் இன்னொன்று.

ஐயம்பேட்டை வந்ததும், "நிறுத்துங்கண்ணா" என்றேன்.

"நீ ஏறுனப்புறம்தான் விக்கெட்டே வுழுவுது. குந்துபா!" என்றார் ஓட்டுநர்.

மடியில் பட்டுநூல் பையோடு பக்கத்திலிருந்த அக்காவும் விடவில்லை. "தறியில பாவு நூலை ஒண்ணொண்ணா முடிஞ்சு புணைக்கிறவங்க பாதியில எழுந்து போவாங்களாப்பா?"

வீம்பாக இறங்கினேன். அடுத்த பந்து சிக்ஸர். மொத்த ஆட்டோவும் முறைத்தது.

நானே திரும்ப ஏறிக்கொண்டேன்.

ஜெயித்துவிட்டோம். இப்போது ஐயம்பேட்டையைத் தாண்டி வாலாஜாபாத்தில் நிற்கிறேன். பிளேஆஃபுக்கும் அதே சீட்டுக்கு வரச்சொல்லி ஓட்டுநர் என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

அன்றைக்குத்தான் எனக்குப் பெண் பார்க்கப் போகிறோம். ஆட்டோவில் உட்கார்ந்தபடியே பார்த்தால் தப்பா?