ஸ்டெல்லாவின் ஜாக்கியை வெட்டினேன்

பிள்ளைகளே, பொறாமை சின்னப் பிள்ளைகளுக்குத்தான் வரும் என்று நினைக்காதீர்கள். எனக்கு என் மச்சான் மேல் வந்தது, அதுவும் சீட்டாட்டத்தில்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அகரத்தில் மச்சான் வீட்டில் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் நடக்கும். காசு கிடையாது. எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. தோற்ற கட்சி காதில் துணி கிளிப் மாட்டிக்கொள்ள வேண்டும். என் மனைவி ஸ்டெல்லாவும் அவள் அண்ணனும் சேர்ந்தால் தோற்பதே இல்லை. அவர் ஒரு சீட்டைப் போட்டாலே அவர் மனசு இவளுக்குப் புரிந்துவிடும். என் மனசு இப்படிப் புரிந்ததில்லையே என்று எனக்கு வயிறு எரியும். அவளுக்கு எதிரே உட்காரவே மச்சான் மனைவியிடம் ஆட்டம் கற்றுக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு அப்படி உட்கார்ந்தேன். ஸ்டெல்லா ஆட்டின் ஜாக்கியை, அதாவது இதயம் போட்ட ஜாக்கியை, இறக்கினாள். இந்த ஆட்டத்தில் ராஜாவைவிட ஜாக்கிதான் பெரிய சீட்டு. என்னிடம் ஆட்டின் இல்லை. ஏதாவது சின்னச் சீட்டைப் போட்டிருந்தால் போதும், அந்தப் பிடி எங்களுக்குத்தான். மச்சானுக்கு முன்னால் கெத்துக் காட்ட, என்னிடமிருந்த ஒரே துருப்பைப் போட்டு அவள் ஜாக்கியை வெட்டினேன்.

"ஏம் மாப்ள, பொண்டாட்டி சீட்டையே வெட்டுறீங்க! நீங்க யாரு கட்சி?" மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார்.

பின்னால் வந்த பிடியை வெட்ட என்னிடம் துருப்பு இல்லை. தோற்றோம்.

"ஸ்டெல்லா, எந்திரிச்சு இங்கிட்டு வா. நாம சேந்துக்குவோம்" என்றார் மச்சான்.

அவள் எழவில்லை. கிளிப்பை எடுத்துத் தன் காதில் மாட்டினாள். "ஆத்தீ, இம்புட்டு வலிக்குமா! நான் இவரு கட்சிதாண்ணே. சீட்டைக் கலை." பிறகு என்னைப் பார்த்தாள். "இன்னொரு தடவ வெட்டுனீங்க, ரெண்டு காதுலயும் மாட்டிருவேன்."

அண்ணனோடு போயிருந்தால் அவள் ஜெயித்திருப்பாள். அவர்கள் பேசாமலே ஒருவரையொருவர் புரிந்துகொள்வதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கொஞ்சம் பொறுக்காது. அப்போதெல்லாம் சிவந்துபோன அவள் காதை நினைத்துக்கொள்வேன்.