வல்லாரைப் பாத்திக்கு மேலே என் கொட்டகை

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் இருந்த குழந்தைகள் ஈயம் ஏறிய வல்லாரையைக் கஞ்சியில் குடித்தார்கள். அந்த ஈயம் என் கொட்டகையிலிருந்து போனது. எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

'தெரியாமல் நடந்த பிழை' என்று எனக்காக இரக்கப்பட ஆயத்தமாகிறீர்களா? வேண்டாம்! அந்தச் சொல்லைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. தெரியாமல் நடந்தது முதல் இரண்டு வருடம். பிந்திய ஐந்து வருடம் தெரிந்தே நடந்தது.

நான் கஹவத்தைக்கு மேலே ஓர் இறப்பர்த் தோட்டத்தில் கிளாக்கர். தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து எழுதுவது என் வேலைகளில் ஒன்று. அதே அளவை வீட்டில் என் டயரியிலும் எழுதுவேன். செருப்புத் தைத்த நாள், கடிகாரத்துக்குச் சாவி கொடுத்த நேரம், எல்லாம் அதில் உண்டு. ஒன்றைத் தவிர...

தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு அப்போது கரண்ட் இல்லை. என் குவார்ட்டர்ஸுக்குப் பெக்டரியிலிருந்து கம்பி வந்தது. லயத்து ஆட்கள் கார் பேட்டரியில் டீவி பார்த்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் பேட்டரியைத் தலையில் சுமந்து வந்து என் கொட்டகையில் சார்ஜுக்கு வைப்பார்கள். செத்துப்போன பேட்டரியை நான் உடைத்து, உள்ளே புதுத் தகடு போட்டுக் கொடுப்பேன். அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு சேறு தேங்கியிருக்கும். குழாயைப் பிடித்துக் கழுவி விடுவேன். அது கழிவுநீர்க் கானில் இறங்கிப் பள்ளத்துக்குப் போகும்.

பள்ளத்தில் செல்வமணியின் வல்லாரைப் பாத்தி.

செல்வமணி இறப்பர்ப் பால் வெட்டும் பெண். அவளுடைய கடைசி மகள் தர்ஷினிக்கு அப்போது ஐந்து வயது. தாய்மார் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் பிள்ளைக்காம்பராவில் இருப்பார்கள். காலையில் அவர்களுக்கு வல்லாரைக் கஞ்சி. ஞாபகசக்திக்கு நல்லதல்லவா! இலை அவளுடைய பாத்தியிலிருந்து போனது.

அந்த இலை ஒருநாளாவது வாடியிருக்கக் கூடாதா? ஓரம் கருகியிருந்தால் யாராவது ஏனென்று கேட்டிருப்பார்கள். பச்சைப்பசேலென்று நின்றது, சனியன்!

1998, ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. மாவனல்லையிலிருந்து மூலிகை வாங்கும் ஹனீபா நானா என் ஒபீசுக்கு வந்தார். செல்வமணியின் வல்லாரையில் பாதியை அவருக்கு விற்பதாகப் பேச்சு. மாதிரிக்குக் கொஞ்சம் கொண்டுபோய் மருந்து செய்யும் இடத்தில் கொடுத்திருந்தார். அவர்கள் சோதித்து அனுப்பிய தாள் இங்கிலீஷில் இருந்ததால் என்னிடம் நீட்டினார்.

"பாக்க என்ன அழகான எல! ஆனா ஈயம் இருக்காம், கிளாக்கர் ஐயா. மருந்துக்கு எடுக்க ஏலா."

"நல்லா கழுவினா?"

"கழுவினாலும் போகாதாம். மண்ணோட படர்ற சாமான். வேரோடதானே புடுங்குறாங்க. மண்ணுல இருக்கிறத உறிஞ்சித்தானே வளருது. அந்தப் பாத்திக்கு மேல என்ன இருக்கு?"

"ரோடு" என்றேன்.

ரோடும் இருந்தது. என் கொட்டகைக்கும் மேலே!

"சின்னப் புள்ளைகளுக்குக் கூடவே கூடாதாம். மூளைக்கு அடிக்குமாம். அந்தப் பொம்புளைக்கி நீங்களே வெளங்கப்படுத்துங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

விளங்கப்படுத்தினேன். கேளுங்கள், எப்படி என்று.

"எலையில பூச்சி முட்டையாம். நானாவுக்கு வேணாமாம்" என்றேன்.

செல்வமணி சிரித்தாள். "பூச்சியா? உப்புத் தண்ணியில அலசுனா போச்சு. பெரிய சீமான் வீட்டு மருந்து! போகட்டும்ங்க ஐயா. விக்க நெனச்சதையும் பிள்ளைக்காம்பராவுக்கே குடுத்துர்றேன். நம்ம புள்ளைங்களாச்சும் நல்லா படிக்கட்டும்."

புரிகிறதா? வெளியே போகவிருந்த பாதியும் கஞ்சிப் பானைக்குள் போனது. என் ஒரு பொய்யால்! அந்த நிமிடத்திலாவது சொல்லியிருக்கலாம். அவள் என் முன்னால்தான் நின்றாள்...

மறுநாள் என் மனைவியிடம், இனி வீட்டில் வல்லாரை சமைக்காதே என்றேன். ஏன் என்றாள். வாய்வு என்றேன். என் மகளுக்குக் கஹவத்தைச் சந்தையில் பொன்னாங்கண்ணி வாங்கினேன். வாராவாரம், தவறாமல்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் உங்களுக்கு?

பெக்டரிக் கரண்டில் சொந்தத் தொழில் செய்தது தெரிந்தால் வேலை போயிருக்கும். அந்தப் பயம்தான். லயத்துக்குக் கரண்ட் கொடுக்காத துரைமாரையும் ஏசலாம். தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியவர்களுக்கு ஒரு பல்பு இல்லை! ஏசுகிறேன், இன்றும் ஏசுகிறேன். ஏசி முடித்த பிறகும், குழாயைப் பிடித்த கை என்னுடையதாகவே இருக்கிறது.

பேட்டரி உடைப்பதை அந்த வாரமே நிறுத்தினேன். அதனால் என்ன? மண்ணில் இறங்கியது மண்ணில் கிடந்தது. இலை முளைத்துக்கொண்டே இருந்தது.

தர்ஷினி பள்ளிக்கூடம் போனாள். முதல்நாள் படித்த எழுத்து மறுநாள் நிற்கவில்லை. செல்வமணி ஒருநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது என்னை மறித்தாள்.

"ஐயா, ஒங்க மக மட்டும் எப்பிடிங்க இப்பிடிப் படிக்குது? என்ன குடுக்குறீங்க? வல்லாரைதானே?"

நான் தலையாட்டினேன்.

"அப்ப நானும் இன்னங் கொஞ்சம் கூட்டிக் குடுக்குறேன்."

ஈயம்தான் காரணமா? எனக்குத் தெரியாது. சில பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறுவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். நானும் அதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எந்த டாக்டரும் அவளுடைய இரத்தத்தைச் சோதிக்கவில்லை. சோதிக்கச் சொல்ல வேண்டியவன், அந்தத் தாளை 1998 டயரிக்குள் மடித்து வைத்துவிட்டு மழையை அளந்துகொண்டிருந்தான்!

ஐந்து வருடம் கழித்து ஒரு மண்சரிவு பாத்தியை மூடியது. நான் நிறுத்தவில்லை. மலை நிறுத்தியது.

இது 2009. போன வாரம் தாயும் மகளும் ஒபீசுக்கு வந்தார்கள். தர்ஷினிக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டும். இரண்டு வருடமாக அவளும் பால் வெட்டுகிறாள். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினேன். அவள் 'தர்' என்று எழுதி நிறுத்தினாள். பேனாவைப் பிடித்தபடி தாயைப் பார்த்தாள்.

"மறதிக்காரி!" என்று செல்வமணி அவள் தோளில் இடித்துச் சிரித்தாள். "சொந்தப் பேர் எழுதுறதுக்கு என் மூஞ்சியப் பாக்குறா. எம்புட்டு வல்லாரை ஊட்டியிருப்பேன் இவளுக்கு! ஐயாவுக்குத்தான் தெரியுமே."

"தெரியும்" என்றேன்.

ஒரு தாளில் அவள் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக வரைந்தாள். "நல்லா இருப்பீங்க ஐயா" என்று செல்வமணி கும்பிட்டுவிட்டுப் போனாள்.

உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. நீங்கள் யாரோ. அவளுடைய லயம் என் வாசலிலிருந்து முந்நூறு அடி.

அவர்கள் வந்துபோன அன்று மாலை டயரியைத் திறந்தேன். தேதி போட்டேன். 'மழை இல்லை' என்று எழுதி மூடினேன்.