அக்காவும் ஒஸ்லோக் கனோலியும்

என் அக்காவிடம் அமெரிக்காவைப் பற்றிக் கேட்டால் சுதந்திரச் சிலையைப் பற்றிச் சொல்ல மாட்டாள். பலகாரக் கடைகளைப் பற்றித்தான் சொல்லுவாள், அதுவும் இத்தாலிக்காரர் நடத்துகிற கடைகளைப் பற்றி. அத்தான் காலமான பிறகு மகன் வீடுதான் அவளுக்கு வீடு. மகனுக்குக் கணினி வேலை. அவனுக்கு வேலை மாறும்போதெல்லாம் பொஸ்டன், நியூஜேர்சி, பிலடெல்பியா, சிக்காகோ என்று அக்காவும் பெட்டி கட்டினாள். போய் இறங்கிய கையோடு அந்த ஊரில் எது நல்ல கடை என்று கண்டுபிடித்து எனக்குத் தொலைபேசி எடுத்துவிடுவாள்.

"பொஸ்டனிலை எண்டால் வடக்கு முனைக்குப் போகோணும். சனம் லைனிலை நிக்கிற பெரிய கடைக்குப் போயிடாதை. ரெண்டு தெரு தள்ளி ஒரு கிழவன்ரை கடை கிடக்கு, அங்கை போ."

நோர்வேயில் இருக்கிற நான் என்னவோ அடுத்த பஸ்ஸில் அங்கே போய் இறங்கப்போகிறவள் மாதிரி!

பிலடெல்பியாவில் சந்தைத் தெரு என்பாள். சிக்காகோவில் கோயிலுக்குப் பின்பக்கத் தெரு என்பாள். பொஸ்டனில் சிங்கிறால் வால் என்றொரு பலகாரம் இருக்கிறது, அதில் இறாலும் இல்லை, வாலும் இல்லை, அடுக்கடுக்கான மாவும் கிறீமும்தான் என்று எனக்கு ஒரு பின்னேரம் முழுக்க வகுப்பெடுத்தாள். ஆனால் அவளுடைய உயிர் கனோலியில்தான். சுருட்டிப் பொரித்த மாக்குழல், உள்ளே இனிப்புப் போட்டு அடித்த பாற்கட்டி. அதற்கு அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தாள். வாங்க வருகிறவர் கேட்ட பிறகுதான் குழலை நிரப்ப வேண்டும். முன்கூட்டியே நிரப்பி அடுக்கி வைத்திருக்கிற கடைப் படியில் காலே வைக்கக்கூடாது.

அவளுக்கு மத்தியானம் என்றால் எனக்குப் பின்னேரம், சமையல் நேரம். அவள் கதைக்கும்போது பின்னால் கோப்பைச் சத்தம் கேட்கும். நான் அரைக் காதால் கேட்டுவிட்டு, "சரி அக்கா, அடுப்பிலை கறி கிடக்கு, வைக்கட்டே?" என்பேன். அது அவளுக்கும் பழகிப்போயிருந்தது.

நான் ஒஸ்லோவில் ட்ராம் ஓட்டுகிறேன். வேலை கிடைத்த அன்று துள்ளிக்கொண்டு அக்காவுக்குத்தான் முதலில் சொன்னேன். "ஏன், பஸ் கிடைக்கேல்லையோ?" என்று கேட்டாள். அவள் அப்படித்தான். என் கல்யாணக் கூறைக்கு "நிறம் பரவாயில்லை" என்றாள். என் பிள்ளைக்கு "மூக்குப் பிறகு சரியாயிடும்" என்றாள். என்னுடைய எதையாவது பார்த்து அவள் வாயால் ஒரே ஒரு தடவை "நல்லாயிருக்கு" என்று கேட்டுவிட வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கிற ஆசை. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அது ஆசையில்லை, வெறி.

அந்த வெறியில்தான் ஒரு நாள், "எங்கடை ஒஸ்லோவிலையும் கனோலி இருக்கு. வந்து திண்டு பார்," என்று சொல்லிவிட்டேன். தவளை தன் வாயால் கெடும். அடுத்த கிழமையே அக்கா ஈஸ்டர் விடுமுறைக்கு டிக்கெட் போட்டுவிட்டாள்.

ட்ராம் ஓட்டுகிறவளுக்குப் பாதையோரத்துக் கடையெல்லாம் தெரியும். ஆனால் ஒன்றுக்குள்ளும் போனதில்லை. கடை நல்லாயிருக்கிறதே என்று நினைத்த இடத்தில் நிறுத்திவிட்டு இறங்க முடியுமா? ஆகவே வேலை முடிந்த பிறகு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். மயோர்ஸ்டூவன் பக்கத்துக் கடையில் கனோலிக்குள் ஏலக்காய் போட்டிருந்தார்கள். இந்த நோர்வேக்காரர் ஏலக்காயை விட்டுத் தொலைக்க மாட்டார்கள். துறைமுகப் பக்கம் ஒரு கடையில் காலையிலேயே நிரப்பி வரிசையாக அடுக்கியிருந்தது. அக்காவின் சட்டப்படி வாசலோடு திரும்பினேன். கடைசியில் குரூனர்லொக்காவில், நான் தினமும் மணியடித்துக்கொண்டு கடந்துபோகிற வளைவிலேயே, ஒரு சிசிலிக்காரர் வெறுங்குழல்களோடு உட்கார்ந்திருந்தார். கேட்ட பிறகுதான் நிரப்பினார். கடித்தேன். அப்போதுதான் பொரித்தெடுத்த அப்பளம் மாதிரிக் கறுக்கென்றது. எனக்கு அங்கேயே ஒரு ஆட்டம் போடலாம் போலிருந்தது.

ஆனால் ஈஸ்டர் வந்தால் இந்த ஊர் பூட்டிக்கொள்ளும். சனமெல்லாம் தோடம்பழத்தைக் கட்டிக்கொண்டு மலைக் குடிசைகளுக்குப் போய்விடும். அக்கா வருவதோ பெரிய வியாழன். கடை பூட்டியிருந்தால் என் மானம் என்னாகும்? புதன்கிழமையே போய் ஒரு பெட்டி நிறைய நிரப்பி வாங்கினேன். "இன்றைக்கே சாப்பிட்டுவிடு," என்று கடைக்காரர் ஒரு முறைக்கு இரண்டு முறை சொன்னார். தலையை ஆட்டிவிட்டு நேரே ஸ்டோவ்னரில் இருக்கிற வீட்டுக்குக் கொண்டுபோய் எங்கள் பெட்டி ஃபிறீசருக்குள் வைத்தேன்.

அந்த ஃபிறீசர் என் வீட்டுக்காரர் தில்பூட்டில், அதாவது மலிவு விற்பனையில், எடுத்தது. ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். கறிவேப்பிலை, முருங்கைக்காய், மீன் போட்டுக் கூழ் காய்ச்சப் பனங்கிழங்கு ஒடியல் மா, வடக்கே ஹம்மர்பெஸ்டில் இருக்கிற சிநேகிதர் அனுப்பிய மீன், எல்லாம் அதற்குள்தான். ஃபிறீசரில் வைத்தது கெடாது என்பது எங்கள் மதம். இந்த ஒரு விஷயத்தில் ஸ்டோவ்னர்த் தமிழரிடையே சைவக்காரர், கிறிஸ்தவ வேதக்காரர் என்ற பேதமே கிடையாது.

அக்கா வந்தாள். சித்திரை மாதத்திலும் பனி கிடக்கிறதே என்று குறை சொன்னாள். என் தலைமயிர் கொட்டிவிட்டது என்றாள். தேத்தண்ணி ஊற்றி, பனி நீங்கிய கனோலியைத் தட்டில் வைத்து நீட்டினேன். குழல் தோய்ந்து, கிள்ளினால் பிய்கிற பதத்தில் கிடந்தது. அக்கா ஒரு கடி கடித்தாள். மெதுவாக மென்றாள். இன்னொருதரம் மென்றாள்.

"உள்ளுக்கு என்ன விட்டிருக்கு? ஒடியற்கூழோ?"

"சும்மா சொல்லாதை!"

"மெய்யாத்தான். மீனும் கிடக்கு."

வீட்டுக்காரர் என் மானத்தைக் காப்பாற்றவென்று ஒன்றை எடுத்து வாயில் போட்டார். "நல்லாத்தானே இருக்கு," என்று சொல்லிவிட்டு இன்னொன்றையும் எடுத்தார். அந்த மனிதர் கூழ் என்றால் எதையும் சாப்பிடுவார்.

"எங்கை வைச்சனி?" என்று அக்கா கேட்டாள். நான் ஃபிறீசரைக் கையால் காட்டினேன். "உனக்கு விசரே? கனோலியை ஆரும் ஃபிறீசருக்குள்ள வைப்பினமே?" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய், தேவையில்லாமல் சட்டிகளை உருட்டினேன். இத்தனை வருஷம் காத்திருந்து, கையில் கிடைத்த ஒரு சந்தர்ப்பத்தை மீனுக்குள் புதைத்துவிட்டேனே என்று அழுகை வந்தது.

சனிக்கிழமை அரைநாள் கடை திறந்திருக்கும் என்று அறிந்து, அக்காவை விடாப்பிடியாக வெளிக்கிடுத்தினேன். நிலக்கீழ் ரயிலில் போய் இறங்கி ட்ராம் ஏறினோம். ஓட்டிக்கொண்டிருந்த பெண் என்னைக் கண்டு கையசைத்தாள்.

"உதையே நீ ஓட்டுறனீ? இவ்வளவு நீளமோ?" என்று அக்கா பின்பெட்டி வரை திரும்பிப் பார்த்தாள். அது பாராட்டா இல்லையா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் இறங்குமிடம் வந்துவிட்டது.

கடைக்குள் அக்கா கண்ணாடிப் பெட்டியின் முன்னால் குனிந்து நின்று பார்த்தாள். வெறுங்குழல்களைக் கண்டதும் தலையை ஆட்டினாள். முதல் சோதனை பாஸ். ஜன்னலோரம் உட்கார்ந்தோம். சிசிலிக்காரர் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார். அக்கா மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டாள், தொலைபேசியை எடுத்தாள். படம் பிடிக்கப்போகிறாள் போல என்று நினைத்தேன். என் கைப்பைக்குள் மணி அடித்தது. எடுத்துப் பார்த்தால் அக்கா!

"என்னக்கா, முன்னாலைதானே இருக்கிறன்?"

அக்கா தன் கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் முகம் சிவந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பழக்கம்," என்றாள். "கோப்பையைக் கொண்டந்து வைச்ச உடனை கை தன்ரை பாட்டிலை உனக்கு எடுத்திடுது. பெடியனும் மருமகளும் விடிய வேலைக்குப் போயிடுவினம். வீட்டுக்குள்ள கதைக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லை. கடையிலை வந்து தனிய இருந்து தின்னவும் ஒரு மாதிரி. அதுதான் உன்னோடை கதைச்சுக்கொண்டு தின்னுறது."

அந்தக் கோப்பைச் சத்தமெல்லாம் எனக்கு ஒரேயடியாகக் காதில் வந்து விழுந்தது. பொஸ்டன் கிழவன் கடை, பிலடெல்பியாச் சந்தைத் தெரு, சிக்காகோ. ஒவ்வொரு தடவையும் கறியைச் சாட்டிப் பாதியில் வைத்தவள் நான்.

அக்கா தொலைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டுக் கடித்தாள். கறுக்கென்று சத்தம் கேட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"கோது கொஞ்சம் தடிப்பு," என்றாள். பிறகு என்னுடையதில் பாதியையும் எடுத்துத் தின்றாள்.

போன கிழமை சிக்காகோவிலிருந்து எடுத்தாள். எனக்கு அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. பின்னால் கோப்பைச் சத்தம்.

"என்ன, கனோலியோ?"

"ஓம். ஆனா முந்தின மாதிரி இல்லையடி."

"கடை மாறிட்டுதோ?"

"கடை அதுதான். கனோலியும் அதுதான்." கோப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "முன்னாலை கதிரைதான் சும்மா கிடக்கு. சரி, உனக்குக் கறி அடிப்பிடிக்கப் போகுது, வையன்."

நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீ ஆறுதலாத் தின், அக்கா. நான் வைக்க மாட்டன்."