பெட்கானாவின் பெயர் நாள்

எங்கள் மலை விடுதிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தூங்கத்தான் வருவார்கள். பேருந்து கீழே பாலத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து பைன் காட்டு வழியாக ஏறி வர வேண்டும். வந்ததும் பெட்கானா ஒரு கிண்ணம் பீன்ஸ் சூப்பும் ரொட்டியும் வைப்பாள். ஊர், வேலை எதையும் விசாரிக்க மாட்டாள். மறுநாளே வந்தவர்களின் முகம் தெளிந்துவிடும். அடுக்களையில் பாத்திரம் தேய்த்தபடி நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

விடுதி அவள் பொறுப்பில் இருந்தது. கணவனை இழந்தவள். யாரையும் தேடாத மனசு அவளுக்கு என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோபியா நகரத்தில் டிராம் ஓட்டும் லோசான் ஒவ்வொரு செப்டம்பரிலும் வருவார். மணிச்சத்தமும் பயணிகளின் ஏச்சும் காதை விட்டுப் போகவேண்டும் என்பார். நாளெல்லாம் வெயில் படும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அந்த நாட்களில் மட்டும் பெட்கானா போர்வைகளைப் பெஞ்சுக்கு எதிரே இருந்த கொடியில் உலர்த்துவாள்.

போன வருடம் கிளம்பும்போது அவளுடைய பெயர் நாள் எப்போது என்று கேட்டார். தன் பெயருக்குரிய புனித பெட்காவின் திருநாள்தான் அது, அக்டோபர் நடுவில் வரும் என்றாள்.

"அன்னைக்கு பஸ் ஓடுமா?"

"ஓடும்."

அவ்வளவுதான் பேச்சு. பெயர் நாளுக்கு நாங்கள் யாரையும் அழைப்பதில்லை. வாசலைத் திறந்து வைத்துச் சமைத்து வைப்போம், நினைவிருப்பவர்கள் வருவார்கள். அழைத்தால் கெஞ்சியது போலாகிவிடும்.

இந்த வருடம் செப்டம்பரில் லோசான் வரவில்லை. அதனால் பெயர் நாளுக்கு வருவார் என்று நினைத்தாளோ என்னவோ, அன்று பெட்கானா விடியும் முன்பே மாவு பிசைந்தாள். பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா அடுக்குப் பலகாரம் இரண்டு தட்டு நிறைய வெந்தது.

"இவ்வளவையும் நானா திங்கணும், அக்கா?"

"தின்னேன். குச்சி மாதிரிதானே இருக்கே."

வனக்காவலர்கள் இருவர் வந்து சாப்பிட்டுப் போனார்கள். மழை பிடித்துக்கொண்டதும் வாசல் கதவைச் சாத்தினோம். அதன்பின் யாரும் வரவில்லை. பெட்கானா நீல ரவிக்கையின் மேல் பழைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மறுநாள் ரொட்டிக்கு மாவு பிசைய உட்கார்ந்தாள்.

மழை விட்டதும் கழுநீர் கொட்ட வெளியே போனேன். படியில் ஒரு பை நிறைய சீமைமாதுளம்பழம். சேற்றில் பூட்ஸ் தடம் கதவுவரை வந்து திரும்பியிருந்தது. நிமிர்ந்து கதவைப் பார்த்தேன். எங்களுக்குக் கோவேறு கழுதையில் மாவு கொண்டுவந்த ஸ்டாமென் கிழவர் வசந்தத்தில் இறந்திருந்தார். இறந்து ஆறு மாதம் ஆனதைச் சொல்லும் அறிவிப்பை, தெரிந்தவர் வீடுகளிலும் ஒட்டும் வழக்கப்படி, அவர் மருமகன் காலையில்தான் எங்கள் கதவில் ஒட்டிப் போனான். மழையில் படமும் பெயரும் கரைந்து கறுப்புக்கரை மட்டும் மிஞ்சியிருந்தது. துக்க வீட்டில் பெயர் நாள் கொண்டாட மாட்டார்கள். கொண்டுவந்ததை வாசலில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போவதுதான் மரியாதை.

உள்ளே ஓடினேன்.

"அவரு வந்துட்டுப் போயிட்டாரு, அக்கா. நம்ம வீட்டுல சாவுன்னு நெனச்சுட்டாரு."

பெட்கானா கதவைப் பார்த்தாள். மாவுக் கையோடு பாதை வளையும் இடம்வரை ஓடினாள். நேர் கீழே பாலத்தில் அவர் நின்றிருந்தார். பேருந்து விளக்கைப் போட்டுக்கொண்டு வளைவில் வந்துகொண்டிருந்தது. அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"லோசான்! இன்னைக்கு என் பேர் நாள். வாங்க!"

பேருந்து அவரை மறைத்து நின்றது. வெகுநேரம் நின்றது போலிருந்தது. அது நகர்ந்தபோது தொப்பியைக் கையில் பிடித்தபடி அவர் பாலத்தின் மேலேயே இருந்தார்.

அவர் ஏறி வர நேரமாகும். அவள் உள்ளே வரவில்லை.