ஒரே மூச்சில் பாடிய பாட்டு

அந்தப் பாட்டை இணையத்தில் ஏற்றி மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன. கேட்டவர் எண்ணிக்கை இன்னும் நானூற்றைத் தொடவில்லை. அதிலும் பெரும்பங்கு கிட்டார்காரரின் மனைவி கேட்டது. ‘கதவைத் திற, நானாக வந்திருக்கிறேன்’ என்ற முதலடிதான் காலை ஐந்தரைக்கு அவள் கைப்பேசியிலிருந்து இருவரையும் எழுப்பும்.

இருபது ஆண்டுகள் மேடைகளில் வாசித்தவர் அவர். குடித்துவிட்டுப் பாதிப் பாட்டில் மேடையிலிருந்து இரண்டு முறை விழுந்தவரும்கூட. இரண்டாம் முறை குழுவினர் தூக்கி நிறுத்தியதோடு சரி, பிறகு கூப்பிடவில்லை. அந்நாட்களில் வீட்டுக் கதவு பாதிதான் திறக்கும். இடைவெளியில் மனைவியின் மூக்கு நீளும். முகர்ந்து பார்த்த பிறகே மீதிக் கதவு. சிகிச்சை இல்லத்தில் நாற்பது நாள் இருந்து திரும்பியவர், குடியை விட்ட கதையைப் பாட்டாகக் கட்டிப் பதிவும் செய்துகொண்டு வந்தார். கேட்ட அன்றே அவள் முகர்வதை நிறுத்தினாள். பாட்டே கட்டிய மனுஷனை இனி என்ன மோப்பம் பிடிப்பது என்று அடுத்த வீட்டுக்காரியிடம் பெருமையாகச் சொன்னாள்.

குடியை விட்ட பாட்டைக் குடித்துவிட்டுத்தான் பாடினார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். பதிவு நாளில் விரல்கள் தந்தியில் நிற்க மறுத்தன. கிட்டார் உறையின் அடிப்பையில், மறந்ததுபோல் மறக்காமல் வைத்திருந்த குட்டிப் புட்டியோடு கழிவறைக்குள் போனார். இரண்டு வாய். விரல்கள் நின்றன, ஒரே மூச்சில் பாடி முடித்தார். கடைசிச் சரணத்தில் குரல் ஓரிடத்தில் உடையும். மனைவி அங்கேதான் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

அன்றுமுதல் ஒரு சொட்டும் தொட்டதில்லை. அது உண்மை. ஆயினும் காலைதோறும் அந்தக் குரல் உடையும்போது அவர் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு, மீதி இரண்டடி முடியும்வரை மூச்சுமுட்டக் கிடப்பார். நிறுத்தச் சொல்லவும் வழியில்லை. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

சென்ற வாரம் மனைவியின் தம்பி குடித்துவிட்டு வேலையைத் தொலைத்துவிட்டு வந்து நின்றான். அவனுக்கு இந்தப் பாட்டைத்தான் அனுப்பப்போவதாக அவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைவரை பொறு, இன்னும் நன்றாகப் பாடித் தருகிறேன் என்று தவணை வாங்கினார். இப்போது வேலை பார்க்கும், கிட்டாருக்குத் தந்தி மாற்றிக் கொடுக்கும் கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, பழைய ஒலிப்பதிவுக் கூடத்துக்கே போனார்.

ஆறு முறை பாடினார். சுருதி பிசகவில்லை, விரலும் நடுங்கவில்லை. கண்ணாடிக்கு அப்பாலிருந்த ஒலிப்பதிவாளன் காதுக்கருவியைக் கழற்றினான்.

“சுத்தமா இருக்குண்ணே. பிள்ளைங்க வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.” பிறகு, அவர் முகத்தைப் பார்க்காமல், “அன்னிக்கு உடைஞ்ச மாதிரி உடையணும்னா, பாத்ரூம் அதே இடத்துலதான் இருக்கு.”

மூன்று ஆண்டுகளாக இவனுக்கும் தெரியும். உறையின் அடிப்பை காலியாக இருப்பது நினைவுக்கு வந்ததும், அது தெரிந்தும் கை தானாக அங்கே போய்த் துழாவித் திரும்பியதும்தான் அவரை வெளியே துரத்தின.

வீட்டில் மனைவி யாருடையதோ பள்ளிச் சீருடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தாள். புதிய பதிவைக் கடைசிவரை கேட்டாள்.

“இது யாரோ பாடுறாங்க. பழசுதான் நீங்க. அதையே அனுப்பிடறேன்.”

“அதுல நான் குடிச்சிருந்தேன்.”

தையல் இயந்திரம் நின்றது.

“எவ்வளவு?”

“ரெண்டு வாய்.”

“அதுக்கப்புறம்?”

“இல்லவே இல்ல.”

அவள் ஊசியில் நூலைக் கோத்துத் தையலைத் தொடர்ந்தாள். தம்பிக்குப் பாட்டு போகவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு வெறும் மணி அடித்தது. பாட்டுக்கு இருந்த ஒரே ரசிகையும் போனாள்.

அன்று மாலை வேலை முடிந்து வந்து தட்டினார். கதவு பாதி திறந்தது.

“ஊதுங்க.”

தோளிலிருந்த கிட்டாரைக்கூட இறக்காமல், அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து ஊதினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு, அவசரமில்லாமல் முகர்ந்தாள்.

“சரி, வாங்க. நாளைக்கும் ஊதணும்.”

“ஊதறேன்” என்றபடி, திறந்த மீதிக் கதவின் வழியாக உள்ளே போனார்.